சின்ன ரீஃப் தொட்டிக்கு எந்த எல்.இ.டி.?

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியைத்தான் ரீஃப் தொட்டி என்கிறோம். சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரில் தொட்டியும் உப்பும் வாங்கிவிட்டு, விளக்குக்கு வந்ததும் திகைத்து நிற்கும் புதியவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். என் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், தண்ணீர் ஏறக்குறைய 55 லிட்டர். உள்ளே இருப்பவை, கல் எலும்புக்கூடு இல்லாத மென்பவளங்களான காளான் பவளங்களும், சிறு பூக்கள் போலக் கூட்டமாக வளரும் சோவாந்திட்களும்தான். கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. கடலிலிருந்து எடுத்து வந்ததாக யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

நன்னீர்த் தொட்டிக்கு விற்கும் மலிவான வெள்ளை விளக்கை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், பவளத்துக்குப் போதாது. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் முக்கியமாக 430 முதல் 460 நானோமீட்டர் வரையிலான நீல ஒளியைத்தான் உண்கின்றன. இந்த விளக்கின் கீழ் என் சோவாந்திட்கள் மூன்றே வாரத்தில், ஜன்னலைத் தேடும் முளைக்கீரை போலக் காம்பு நீண்டு வெளிறின.

அடுத்தது, எல்லோரும் பரிந்துரைக்கும் சீனத்து 'பிளாக் பாக்ஸ்' என்ற கறுப்புப் பெட்டி விளக்கு. 55 சிப்கள், ஒவ்வொன்றும் 3 வாட் என்ற கணக்கில் 165 வாட் என்று பெட்டியில் எழுதியிருக்கும். உண்மையில் அது இழுப்பது 100 முதல் 120 வாட் வரைதான். ஒளியைக் கூட்டிக் குறைக்க நீலத்துக்கு ஒரு திருகு, வெள்ளைக்கு ஒரு திருகு. கொடுக்கும் காசுக்கு இவ்வளவு ஒளி வேறெதிலும் கிடைக்காது. 3 அடி, 4 அடித் தொட்டி வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் 1 அடி ஆழத் தண்ணீருக்கு இது மிகை. காளான் பவளத்துக்கு பார் (PAR, பாசிகள் பயன்படுத்தக்கூடிய ஒளியின் அளவு) 50 முதல் 100 வரை இருந்தாலே தாராளம். இதை முழு வெளிச்சத்தில் எரித்த நான்காம் நாள், உள்ளங்கை அளவு விரிந்திருந்த என் காளான், ஓரங்கள் சுருண்டு ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒடுங்கிவிட்டது. நீலத்தை 25 சதவீதத்துக்கு இறக்கி, விளக்கையும் ஓர் அடி உயர்த்திய பிறகே மெல்ல விரிந்தது.

அதைவிடப் பெரிய கவலை சூடு. அக்னி நட்சத்திர நாட்களில் ஏ.சி. இல்லாத அறையில் தொட்டித் தண்ணீர் தானாகவே 31 டிகிரியைத் தொடும். பவளத்துக்கு வேண்டியது 25 முதல் 27 வரைதான். அந்த நேரத்தில் தண்ணீருக்கு மேலே 110 வாட் எரிவதை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. மின் கட்டணத்தையும் பாருங்கள்: நாளுக்கு 8 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 53 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதி விளக்குக்கே போய்விடும். 30 வாட் விளக்கு அதே காலத்தில் எடுப்பது 15 யூனிட்டுக்கும் குறைவு.

மூன்றாவது அந்த 30 வாட் விளக்கேதான். தொட்டியின் விளிம்பில் கவ்வி நிற்கும், நீலம் தூக்கலான சிறிய விளக்கு. ஒரே இடத்தில் ஒளியைக் குவிப்பதால் மூலைகள் மங்கும். 2 அடித் தொட்டிக்கு இரண்டு வாங்க வேண்டியிருக்கலாம். இன்னொன்றையும் பாருங்கள். வாங்கும்போது நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் குறைக்க முடிகிறதா என்று கடையிலேயே எரித்துக் காட்டச் சொல்லுங்கள். முடியாதென்றால் வேறு கடை பாருங்கள்.

சால்டரிங் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் அலைந்தால் 3 வாட் சிப்கள், சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்க், சிப்களுக்குச் சீரான மின்சாரம் தரும் 700 மில்லி ஆம்பியர் டிரைவர் எல்லாம் தேடிப் பிடிக்கலாம். 450 நானோமீட்டர் நீலம் 8, வெள்ளை 4. பன்னிரண்டையும் வரிசையாக இணைத்தால் ஏறக்குறைய 40 வோல்ட், 28 வாட். டிரைவரைத் தொட்டிக்கு மேலே வைக்கவே வைக்காதீர்கள். உப்புக் காற்று மூன்றே மாதத்தில் திருகாணிகளில் வெள்ளைப் பொருக்காகப் படிந்துவிடுகிறது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறேன், அதுவும் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான்.

ஆகவே மென்பவளம் வளர்க்கும் 2 அடித் தொட்டிக்கு என் தேர்வு, கைவேலை தெரிந்தால் ரிச்சி தெரு விளக்கு, தெரியாவிட்டால் கவ்வி விளக்கு. பிளாக் பாக்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் மிஞ்சுவதைக் கொண்டு தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசும் ஒரு சிறிய மின்விசிறி வாங்கி, மே மாதத்துக்கு முன்பே மாட்டிவிடுங்கள். ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட ஊற்றுவது ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும், உப்பு சேர்க்க வேண்டாம்.