அம்மாபேட்டைத் தள்ளுவண்டியும் என் ஐந்து நிமிடமும்

தட்டுவடை செட் என்றால் என்னவென்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: சின்னத் தட்டுவடை, மேலே பச்சைச் சட்னி, காரச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக அரிந்த வெங்காயம், மூடியாக இன்னொரு தட்டுவடை. அப்படியே முழுசாக வாயில் போட வேண்டும். நாசூக்காகக் கடிக்கப் பார்த்தால் சட்டை போச்சு.

நான் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்கிறவன். எங்கள் தொழிலிலும் மேடையில் பேசுகிற ஐந்து நிமிடத்துக்குப் பெயர் செட்தான். சனி, ஞாயிறு சென்னையிலோ பெங்களூரிலோ மேடை. மற்ற நாட்களில் ஒரு சேனலின் இரவு நிகழ்ச்சிக்கு வீட்டிலிருந்தே ஜோக் எழுதி வாட்ஸப்பில் அனுப்புகிறேன். காலை பத்து மணிக்குள் இருபது போக வேண்டும். ரெண்டு தேறினால் அன்றைக்கு நரி முகத்தில் முழித்திருக்கிறேன் என்று அர்த்தம். அந்த இருபதில் பாதியை முதல்நாள் சாயங்காலமே சேலம் அம்மாபேட்டையில் ஒரு தட்டுவடை வண்டிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிடுவேன்.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. அண்ணன் செட் போடுவார், அக்கா காசு வாங்குவார். அண்ணன் ஐந்து தட்டுவடையைச் சீட்டுக்கட்டு பிரிப்பதுபோலத் தட்டில் பரப்பி, சட்னிக் கரண்டியை ஒரே இழுப்பில் ஐந்தின் மேலும் ஓட்டுவார். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. தட்டு 30 ரூபாய். தட்டுவடையை நொறுக்கிக் கலந்து தரும் நொறுக்கல் 40. பூண்டுக் காரம் மூக்கில் ஏறும்போதுதான் பீட்ரூட்டின் இனிப்பு எட்டிப் பார்க்கும். அந்த வரிசை மாறினால் ருசி இல்லை.

ஜோக்குக்கும் வரிசைதான் உயிர். தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். சிரிக்க வேண்டிய சொல் அதற்கு முன்னாலேயே வந்து போய்விடும். ஆடி மாதம் ஒருநாள் இதைச் சொன்னேன்: “ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. எங்க மாமாகிட்ட கடனைத் திருப்பிக் கேட்டா இருபத்தோரு வளைவு வளைச்சுப் பேசுவாரு.” பக்கத்தில் நின்றவர் செட்டை மென்றுகொண்டே இருந்தார். அக்கா சில்லறை எண்ணியபடியே, “இருபத்தொண்ணோட நிறுத்து தம்பி. அப்புறம், மாமா வேண்டாம், மச்சான்னு வை” என்றார். அடுத்து வந்தவரிடம் அப்படியே சொன்னேன். அவருக்குப் புரையேறி அண்ணன் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

பார்சல் வாங்கவே வாங்காதீர்கள். பத்து நிமிடத்தில் நமுத்துவிடும். இரவு நிகழ்ச்சி ஜோக்கும் இதே சாதி. இன்றைய செய்தியை நாளை மறுநாள் சொன்னால் பிள்ளைப்பூச்சிகூடச் சிரிக்காது. அமெரிக்காவில் 2023 மே மாதம் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது முதல் அடி இந்த இரவு நிகழ்ச்சிகளுக்குத்தான். நாடகத் தொடர்களுக்குக் கையிருப்பு இருந்தது, இவர்களுக்கு நேற்று எழுதியது நேற்றோடு சரி. உடனே பழைய பகுதிகளைப் போட ஆரம்பித்தார்கள். வேலைநிறுத்தம் 148 நாள் ஓடியது. பார்சல் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் வடை தனி, சட்னி தனி என்று கேட்டு வாங்குங்கள், அண்ணன் முகம் சுளிக்காமல் கட்டித் தருவார்.

குறையும் சொல்ல வேண்டும். ஏழரை மணிக்கு மேல் பச்சைச் சட்னி நீர்த்துவிடுகிறது. உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. பின்னால் சாக்கடை, மழை நாளில் போகாதீர்கள். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், அதில் அரை மதிப்பெண் அக்காவின் காதுக்கு.

அக்காவிடம் ஒருமுறை என் வேலையை விளக்கினேன். லெட்டர்மேன், லெனோ என்று அமெரிக்காவில் இரவு நிகழ்ச்சியில் கொடிகட்டிப் பறந்த ரெண்டு பேரும் ஆரம்பத்தில் ஜிம்மி வாக்கர் என்ற இன்னொரு நகைச்சுவை நடிகருக்குக் காசுக்கு ஜோக் எழுதியவர்கள் என்றேன். அக்கா அசரவில்லை. சரி என்று நம்மூருக்கு வந்தேன். கவுண்டமணி, செந்தில் வாழைப்பழக் காமெடியை எழுதியது ஏ. வீரப்பன் என்பவர் என்றேன். “அதை ஒருத்தர் எழுதினாங்களா? அவங்களே பேசிக்கிட்டதுன்னுல்ல நெனச்சேன்!” அதைவிடப் பெரிய பாராட்டு ஒரு எழுத்தாளனுக்கு உண்டா என்று எனக்கே குழப்பம். என் பெயரும் நிகழ்ச்சி முடிவில் ஓடுகிறது, ரயில் ஜன்னலில் போகும் ஊர்ப் பலகை வேகத்தில். சம்பளம் மட்டும் மூன்று மாதம் கழித்து நடந்து வரும்.

வளைவு ஜோக் தேர்வாகி ஒளிபரப்பானது. மறுநாள் வண்டிக்குப் போனேன். அக்கா பார்த்திருந்தார். “மாமான்னே சொல்லிட்டாரே தம்பி அந்தாளு. மச்சான்னு தானே குடுத்தோம்?” என்றார். 30 ரூபாயை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, அண்ணனைப் பார்த்து, “தம்பிக்கு ஒண்ணு சேத்து வைங்க” என்றார்.