லாவெண்டர் கட்டிங்: வேர் பிடிப்பது சுலபம், கோகோபீட்டிடமிருந்து காப்பாற்றுவதுதான் பாடு

"செடியா வாங்கட்டுமா, கட்டிங் போடட்டுமா?" என்று புனலூரிலிருந்து அண்ணாச்சி ஒருவர் கேட்டிருந்தார். ரோஜாவும் செம்பருத்தியும் குச்சி வைத்தே பெருக்கியவர் அவர். அதனால் செய்முறையை வேகமாகச் சொல்லிவிட்டு, செங்கோட்டைப் பக்கம் லாவெண்டர் வளர்ப்பவர்களின் உயிரை வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

பூக்காத இளங்குச்சி, எட்டு முதல் பத்து சென்டிமீட்டர். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடியில் மூன்றில் இரண்டு பங்கு இலையை உருவி, நுனியைக் கிள்ளிவிட வேண்டும். மொட்டு வைத்த குச்சி வேண்டாம், அது பூவைத்தான் பார்க்கும், வேரைப் பார்க்காது. வேர் ஊக்கிப் பவுடரில் அடி ஒரு சென்டிமீட்டர் மட்டும் தொட்டு, தட்டி உதிர்த்துவிட்டு நடலாம். அப்பிக்கொண்டிருந்தால் அடி கருகும். பவுடர் இல்லாமலும் வேர் வரும், எல்லாக் குச்சியிலும் ஒரே சமயத்தில் வராது, அவ்வளவுதான். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் மூன்று நான்கு வாரம், குச்சி கொஞ்சம் முற்றியிருந்தால் ஆறு வாரம். மூன்று வாரத்துக்கு முன் இழுத்துப் பார்க்கக் கூடாது.

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல தாய்ச்செடி ஒன்றில் ஒரே தடவையில் பத்துப் பன்னிரண்டு குச்சி எடுக்கலாம். எடுத்தே ஆகவும் வேண்டும். சில வருஷத்தில் தாய்ச்செடியின் அடி கட்டையாகிவிடும். இலையில்லாத அந்தக் கட்டையில் வெட்டினால் மறுபடி துளிர்க்காது.

இனி கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள். எந்த நர்சரியில், எந்த உரக்கடையில் "கட்டிங் போட என்ன கலவை?" என்று கேட்டாலும் பொள்ளாச்சிக் கட்டி ஒன்றைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தக்காளி நாற்றுக்கு அது அருமை, மிளகாய்க்கும் அருமை. தண்ணீரைப் பிடித்து வைப்பது அதன் குணம். லாவெண்டருக்குப் பிடிக்காத குணமும் அதுதான். ஜூனில் சாரல் தொடங்கியதும் பாருங்கள்: மேல்பரப்பு வெளிறி, காய்ந்த மாதிரி இருக்கும். ஒரு விரல் ஆழத்தில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். மேலே காய்ந்திருக்கிறதே என்று ஒரு குவளை ஊற்றினால் செடியின் கதை முடிந்தது. மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு கறுக்கும். தொட்டி ஈரமாக இருக்கும்போதே இலை துவண்டு தொங்கும். பிடுங்கிப் பார்த்தால் வேரின் மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். பித்தியம், பைட்டாப்தோரா என்ற பூஞ்சை போன்ற கிருமிகளால் வரும் அழுகல் இது. டிரைகோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சையை முன்கூட்டியே கலந்திருந்தால் ஓரளவு தடுக்கும். தோல் கழன்ற பிறகு எதைப் போட்டும் பிரயோஜனமில்லை.

உப்பு இன்னொரு தொல்லை. தேங்காய் நாரில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் அதிகம். "கழுவிய கோகோபீட்" என்று அச்சடித்த கட்டியையும் நம்பாமல், ஊறவைத்து வடித்து மூன்று தடவையாவது அலச வேண்டும்.

நியாயமாகச் சொன்னால் அதை முழுக்க ஒதுக்கவும் முடியாது. வெறும் மணலில் குச்சி வைத்தால், இந்தக் கணவாய்க் காற்றில் மத்தியானத்துக்குள் வறண்டுவிடும். அலசிய கோகோபீட் ஒரு பங்கு, எம்-சாண்ட் மூன்று பங்கு என்பது சரியாக இருக்கிறது. எம்-சாண்டைச் சலித்து, தூசு போகக் கழுவிக்கொள்ள வேண்டும். பூச்சு வேலைக்கான பி-சாண்ட் நைசாக இறுகிவிடும், அதைத் தொட வேண்டாம். பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல் துகள் கிடைத்தால், கோகோபீட்டோடு பாதிக்குப் பாதி போடலாம். வேர் பிடித்தபின் நான்கு அங்குல மண் தொட்டிக்கு மாற்றும்போது கோகோபீட்டே கூடாது: பாதிப் பங்கு, கால் இஞ்ச் ஜல்லியும் மணலும், மீதி செம்மண், தொழுவுரம் ஒரே ஒரு கைப்பிடி. நம் செம்மண் புளிப்பு (அமிலத்தன்மை) என்பதால் ஒரு பக்கெட் கலவைக்கு ஒரு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்புத் தூள். எரு கூடினால் செடி தளதளவென்று வளர்ந்து, முதல் சாரலிலேயே படுத்துவிடும்.

பாலிதீன் கவர் மூடும் பழக்கமும் இதற்கு ஆகாது. இலையில் நுண்ணிய ரோமம் இருக்கிறது. கவரில் கோத்த நீர் அதில் உட்கார்ந்தால் சாம்பல் பூஞ்சை வந்துவிடும். கட்டிங்குக்கு டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான் காலம். அப்போது வைத்தால் சாரல் வருவதற்குள் வேர் தொட்டியைச் சுற்றிவிடும்.

வகையைப் பார்க்காமல் குச்சி வாங்காதீர்கள். ஜம்முவின் பதர்வாவில் வயல் வயலாக நிற்பது ஆங்குஸ்டிஃபோலியா என்ற லாவெண்டர் வகை. குளிர்காலம் இருந்தால்தான் அது ஒழுங்காகப் பூக்கும். இங்கே அதற்கு வேர் பிடிக்கும், இலையும் விடும், பூவுக்குக் காத்திருந்து சலித்துப்போவீர்கள். இலை ஓரம் ரம்பப் பல்லாக இருந்தால் அது டென்டேட்டா. குளிர் கேட்காமல் பூக்கும். வாசனை கொஞ்சம் கற்பூரச் சாயல்தான், ஆனால் பூக்கிறதே! இலை பெரணி மாதிரி பிரிந்திருந்தால் மல்டிஃபிடா வகை, வெயில் தாங்கும், வாசனையை எதிர்பார்க்க வேண்டாம்.

கட்டிங் முறைக்கு முழு மார்க். அப்படியும் அண்ணாச்சிக்கு என் பதில்: வேண்டாம். ஆரியங்காவு தாண்டி உங்கள் புனலூர்ப் பக்கம் மழை இங்கேயுள்ளதைவிட அதிகம். மேலே கூரையில்லாத மாடியில் செடியும் நிற்காது, கட்டிங்கும் நிற்காது. திருநீற்றுப்பச்சிலை வையுங்கள், விதை விழுந்த இடத்திலெல்லாம் தானே முளைக்கும். லாவெண்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், டிசம்பர் கடைசியில் புளியரை வழியாக வாருங்கள், டென்டேட்டா குச்சி வெட்டித் தருகிறேன். கோகோபீட் கட்டியை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.