365 நானோமீட்டர் டார்ச்: தங்கவயல் படங்களோடு ஐந்து மாதம்

கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச் என்று கேட்டால் எந்த எலக்ட்ரிகல் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். நான் வாங்கியது நோட்டுப் பார்க்க அல்ல, பழைய போட்டோ பார்க்க. ஐந்து மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் சுவரிலிருந்து இறக்கிய படங்கள்மேல் அடித்துப் பார்த்துவிட்டேன். அதனால் இது கொஞ்சம் நீளும்.

முதலில் 220 ரூபாய்க்கு ஒன்று வாங்கி ஏமாந்தேன். அதன் ஒளியின் அலைநீளம் 395 நானோமீட்டர். அடித்தால் எல்லாமே ஊதாவாகத் தெரியும். காகிதம் ஒளிர்கிறதா, டார்ச்சின் ஊதாதான் பட்டுத் திரும்புகிறதா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. இப்போதிருப்பது 365, முகப்பில் கறுப்புக் கண்ணாடி பொருத்தியது, 1,150 ரூபாய். கண்ணுக்குத் தெரிகிற ஊதாவை அந்தக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. வாங்குவதானால் 365 என்ற எண்ணும் கறுப்புக் கண்ணாடியும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றபடி அலுமினிய உடம்பு, யுஎஸ்பி சார்ஜ், தொடர்ந்து ஐந்து நிமிடம் எரிந்தால் கையில் பிடிக்க முடியாத சூடு. ஐந்து நிமிடம் எரிக்கவும் கூடாது. படத்துக்கும் நல்லதல்ல, கண்ணுக்கும் நல்லதல்ல. சில விநாடி போதும்.

வேலை செய்கிற விதம் எளிது. வெள்ளையை இன்னும் வெள்ளையாகக் காட்டச் சோப்புத்தூளில் கலக்கிற மாதிரியான ஒளிர்வு ரசாயனத்தைப் போட்டோக் காகிதத்திலும் சேர்க்க ஆரம்பித்தது 1950-களில். இந்த டார்ச்சை அடித்தால் அப்படிப்பட்ட காகிதம் பளீரென்று நீலமாக ஒளிரும். அதற்கு முந்தைய காகிதம் மங்கலாகக் கிடக்கும். சோதித்துப் பார்க்க வேண்டுமானால் விளக்கை அணைத்துவிட்டு, துவைத்த வெள்ளை வேட்டிமேல் அடியுங்கள். எங்கள் வீட்டில் நான் அடித்தபோது என் மனைவி கத்தியதை இங்கே எழுதவில்லை.

இது விளையாட்டுச் சோதனையும் இல்லை. அமெரிக்க ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவர்களைப் படம் எடுத்த லூயிஸ் ஹைன் 1940-இல் இறந்துவிட்டார். அவர் காலத்திலேயே அச்சிட்டவை என்று பெரிய விலைக்கு விற்ற படங்கள் சில, பல ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது இதே ஒளியில் மின்னின. செத்துப்போனவர் அச்சிட்டிருக்க முடியாதே.

ஆனால் இதில் ஒரு வழிதான் உண்டு, திரும்பி வர முடியாது. மின்னினால் 1950-க்குப் பிந்தைய காகிதம். மின்னாவிட்டால் பழையது என்று அர்த்தமில்லை, ஏனென்றால் பிற்காலத்துக் காகிதம் எல்லாவற்றிலும் அந்த ரசாயனம் கிடையாது. தூசி மின்னும், செலோடேப் மின்னும், துடைத்த துணியின் நூல் மின்னும். ஒரு வீட்டில் படத்தின் ஓரம் முழுக்க மின்னுகிறதே என்று துள்ளினேன். பார்த்தால் யாரோ புதுப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பிரேமிலிருந்து கழற்றிப் பார்ப்பதுதான் சரி. ஆனால் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் தொடாதீர்கள், இழுத்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

சரி, பெரியம்மா கதைக்கு வருகிறேன். தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் எங்கள் லைனிலேயே இருப்பவர். அவர் வீட்டு நடுச்சுவரில் ஒரு படம். ஷாப்டுக்கு, அதாவது சுரங்கத்துக்குள் இறங்குகிற செங்குத்துக் குழிக்கு, மேலே நிற்கிற கோபுரம், அதன் முன்னால் தலைப்பாகை கட்டிய பத்துப் பன்னிரண்டு பேர். இடமிருந்து நான்காவது ஆள் அவருடைய தாத்தா. "1905-ல வெள்ளைக்காரன் எடுத்தது" என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். இறக்கி, ஜன்னலை மூடி, அடித்தேன். டியூப்லைட் மாதிரி எரிந்தது.

"என்னடா ஆச்சு?"

"பெரியம்மா, இது அவ்ளோ பழசு இல்ல போல."

"எங்க தாத்தா பொய்யா அப்ப? அந்த வெளக்க அணைச்சுட்டு எழுந்து போடா."

அன்றைக்குக் காபி கிடைக்கவில்லை.

தப்பு டார்ச்சுடையது அல்ல, என்னுடையது. டார்ச் சொன்னது காகிதத்தின் வயதை. நான் அதைப் படத்தின் வயதாக எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் ராபர்ட்சன்பேட்டையில் 180 ரூபாய்க்கு வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் வைக்கிற லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். இதையும் டார்ச்சோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், தனியாக டார்ச் பாதி வேலைதான் செய்யும். லென்ஸில் பார்த்தால் முகங்களில் கூர்மை இல்லை, இருட்டுப் பகுதி எல்லாம் ஒரே கரி. இடது கீழ்மூலையில் ஒரு சின்ன வளைந்த நிழல். அட்டை ஓரம் சுருண்டு அதன் நிழல் விழுந்திருக்கிறது, அதுவும் படத்துக்குள்ளேயே! ஒரு பழைய படத்தைச் சுவரில் குத்தி வைத்து அதைப் படம் எடுத்திருக்கிறார்கள். விசாரித்தபோது பெரியம்மாவுக்கே ஞாபகம் வந்தது: பாட்டி போன பிறகு பிள்ளைகள் ஆளுக்கொன்று வேண்டும் என்று சண்டை போட, ஸ்டூடியோவில் காப்பி எடுத்தார்களாம். அசல் சின்னமாமாவோடு ஆம்பூருக்குப் போய்விட்டது. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவும் வடஆற்காட்டிலிருந்து வந்தவை என்பதால் பழைய படங்களில் பாதி திரும்ப அங்கேதான் கிடக்கிறது.

லென்ஸுக்கு வேறு வேலையும் உண்டு. பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்களை ஆழ்சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டின் "ஒரிஜினல் போட்டோ" என்று கொடுத்ததில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஏதோ புத்தகத்திலிருந்து வெட்டிய அச்சுப்படம். உண்மையான போட்டோவில் புள்ளி இருக்காது. மஞ்சளித்த மெல்லிய படத்தில் காகித நாரும் நுண்ணிய விரிசலும் தெரிந்தால் அது முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமென் படம். அது 1890-களோடு வழக்கொழியத் தொடங்கியது. ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கப் பொறுப்பை எடுத்தது 1880-இல். ஆக தங்கவயலில் ஆல்புமென் கிடைத்தால் அது முதல் தலைமுறைப் படம். எனக்கு இன்னும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

காகிதத்தைத் தாண்டினால் மீதி எல்லாம் படத்துக்குள் இருக்கிற ஊர். ரயில் தண்டவாளம் தெரிந்தால் 1894-க்குப் பிறகு, பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு லைன் வந்தது அப்போதுதான். தாதுவிலிருந்து சயனைடால் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண்மேடு தெரிந்தால் 1887-க்கு முன்னால் இல்லை, அந்த முறைக்குக் காப்புரிமையே அந்த ஆண்டுதான் வாங்கினார்கள். மேடு குன்று மாதிரி இருந்தால் இன்னும் வெகுவாகப் பிந்தியது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடிய பிறகும் அந்த மேடுகள் மட்டும் போகவில்லை, ஆடிக் காற்றில் அவற்றின் தூசி இன்னும் எங்கள் சோற்றில் விழுகிறது. பழைய படங்களை அலைபேசிச் செயலியில் போட்டு வருடம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நானும் பெரியம்மா படத்தைப் போட்டேன். கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் "சுமார் 1890" என்றது. சரி, அதுவும் ஒரு பொழுதுபோக்கு.

ஆம்பூரிலிருந்து அசல் வர இரண்டு மாதம் ஆனது. கனத்த அட்டையில் ஒட்டியது, அட்டையின் ஒரு மூலை சுருண்டிருந்தது. டார்ச் அடித்தேன், எதுவும் மின்னவில்லை. சாய்த்துப் பிடித்தால் கறுப்புப் பகுதிகளின் ஓரத்தில் வெள்ளி பூத்து நீலச் சாயலோடு பளபளக்கிறது. பழைய வெள்ளிப் படங்களில் ஏறுகிற பூப்பு அது. கோபுரம் மரத்தாலானது. காப்பியில் கரியாக இருந்த இடத்தில், கோபுரத்துக்குப் பின்னால், ஒரு கம்பம் நின்றது. என் தொழில் வயரிங், அதனால் லென்ஸை அங்கிருந்து எடுக்க மனம் வரவில்லை. குறுக்குச் சட்டத்தில் மூன்று பீங்கான் இன்சுலேட்டர்கள், ஒவ்வொன்றும் சொம்பு அளவு. தந்திக் கம்பிக்கு இவ்வளவு பெரியது தேவையில்லை. சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மூன்று ஃபேஸில், ஃபேஸுக்கொரு கம்பியாக, இங்கே மின்சாரம் வந்தது 1902 ஜூனில். அதற்கு முன்னால் அந்தக் கம்பத்துக்கு இங்கே வேலை இல்லை.

டார்ச்சுக்கு ஐந்துக்கு மூன்றரை. 395-க்குப் பூஜ்யம். லென்ஸுக்கு ஐந்து.

அசலை நல்ல உறையில் போடும்போது பெரியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"1905-னு எழுதுடா."

உறையின்மேல் பென்சிலால், "1902 ஜூனுக்குப் பிறகு. 1905 என்று பெரியம்மா சொல்கிறார்" என்று எழுதினேன். காபி வந்தது.