பிரவுசரில் திறக்கும், தண்டர்பேர்டில் திறக்காது

கல்லடியில் வீட்டிலிருந்தபடியே நாலைந்து கடைகளுக்குக் கணக்கெழுதிக் கொடுக்கிறேன். ஜிமெயில் கணக்கை 2015 இலிருந்து தண்டர்பேர்ட் என்கிற மெயில் மென்பொருளில்தான் பார்க்கிறேன். ஏன் பிரவுசரிலேயே பார்க்கக்கூடாது என்று கேட்பார்கள். இன்வொய்ஸ் எல்லாம் கொம்பியூட்டரிலேயே இறங்கிக் கிடக்கும், டேட்டா முடிந்தாலும் போன வருடத்துப் பற்றுச்சீட்டைத் தேடி எடுத்துவிடலாம். அந்த ஒரு வசதிக்காகத்தான் இத்தனை வருடமும் இதோடு மாரடிக்கிறேன்.

பெரிய அடி விழுந்தது 2022 ஜூன் தொடக்கத்தில். பெற்றோல் வரிசை, மின்வெட்டு என்று நாடே அல்லாடிய நேரம். கரண்ட் இருக்கிற கொஞ்ச நேரத்துக்குள் ஒரு முதலாளிக்குக் கணக்கு அனுப்பவேண்டும், தண்டர்பேர்டைத் திறந்தால் லொகின் தோல்வி என்று பாஸ்வேர்டைக் கேட்கிறது. அடித்தேன், திரும்பவும் கேட்டது. பிரவுசரில் அதே பாஸ்வேர்ட், ஒரு எழுத்தும் மாறாமல், உடனே திறக்கிறது. யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று பயந்து பாஸ்வேர்டையே மாற்றினேன். புதியதும் செல்லவில்லை. அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டோல் செய்யலாம் என்று நினைத்து, நல்ல காலம், அதற்குமுன் அக்கரைப்பற்றில் கொம்பியூட்டர் திருத்துகிற மச்சானுக்கு அழைத்தேன்.

"பிரவுசருல திறக்குதெண்டா பாஸ்வேர்ட் சரிதானே, மறுகா ஏன் அதையே மாத்திக்கிட்டு? செர்வர் செட்டிங்ஸுக்குள்ள ஓதென்டிகேஷன் மெதட் என்ன கிடக்கெண்டு பார்."

ஆளைச் சரிபார்க்கிற முறை எது என்று சொல்லும் இடம் அது. பார்த்தால் 'நோர்மல் பாஸ்வேர்ட்' என்று கிடக்கிறது. வெறும் பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் கொடுத்து நுழைகிற மென்பொருட்களுக்குத் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30 இலிருந்து இடமில்லை என்று கூகிள் முன்கூட்டியே அறிவித்திருந்தது. அறிவித்தல் எனக்கும் வந்திருக்கிறது, விளம்பரம் என்று நினைத்து அழித்திருக்கிறேன். அந்த இடத்தில் 'ஓஆத்2' (OAuth2) என்று மாற்றி, பழைய பாஸ்வேர்டை சேமித்த பட்டியலிலிருந்து அழித்து, மூடித் திறந்தேன். கூகிளின் சொந்தப் பக்கமே ஒரு சின்ன ஜன்னலில் வந்தது. பாஸ்வேர்டை அந்தப் பக்கத்துக்குத்தான் கொடுக்கிறோம், தண்டர்பேர்டுக்குக் கிடைப்பது ஒரு அனுமதிச் சீட்டு மாதிரி. அதனால்தான் பிரவுசரில் சரியாக இருந்த பாஸ்வேர்ட் இங்கே எடுபடவில்லை.

சரி, முடிந்தது என்று நினைத்தால் மெயில் வருகிறது, போகவில்லை. அனுப்புகிற செர்வருக்கு செட்டிங்ஸ் தனி, பட்டியலின் அடியில் ஒதுங்கிக் கிடக்கும். அங்கேயும் மாற்றவேண்டும். போர்ட் எண்களையும் ஒருமுறை பாருங்கள்: மெயில் வாங்குகிற இமாப்புக்கு (IMAP) 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587. இன்னொரு தடவை அந்தக் கூகிள் ஜன்னல் உள்ளே விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பாதுகாப்பு என்று நினைத்து தண்டர்பேர்டின் குக்கீஸை (தளங்கள் விட்டுவைக்கிற சின்னக் குறிப்புகளை) நானே நிறுத்தி வைத்திருக்கிறேன்! அதைத் திறந்துவிட்டவுடன் போய்விட்டது.

பிரவுசரும் திறக்காமல் தண்டர்பேர்டும் திறக்காமல் இரண்டும் சான்றிதழ் பிழை என்று சொன்னால் அது வேறு வியாதி. தளம் உண்மையானதுதான் என்று காட்டுகிற அந்தச் சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. முதலில் கொம்பியூட்டரின் திகதியைப் பாருங்கள். என்னுடைய பழைய மெஷினில் மதர்போர்டிலிருக்கிற, காசு மாதிரி வட்டமான பற்றரி செத்துப்போய், கரண்ட் போய்வரும் ஒவ்வொரு தடவையும் திகதி பல வருடம் பின்னால் ஓடியது. சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று அது நினைத்தால் யாரைக் குறை சொல்வது? சிஆர்2032 பற்றரி ஒன்று போட்டேன், அவ்வளவுதான்.

களுவாஞ்சிக்குடி மாமாவின் லெப்டொப்பில் இருப்பது ஓஆத்2 தெரியாத அரதப்பழைய மெயில் மென்பொருள். புதியது போடுவோம் என்றால் விடமாட்டார், பழகின முகம் வேண்டுமாம். அவருக்கு இரண்டு படி சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து 'அப் பாஸ்வேர்ட்' (App Password), அதாவது இப்படியான மென்பொருளுக்கென்று கூகிள் தருகிற தனிப் பாஸ்வேர்ட், ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அதற்கு 'நோர்மல் பாஸ்வேர்ட்' தான் சரி, அந்தப் பெட்டியில் வழமையான பாஸ்வேர்டுக்குப் பதிலாக இந்த 16 எழுத்து. ஒன்றரை வருடம் ஒழுங்காக ஓடியது. போன மாதம் பேரன் சொன்னானென்று கூகிள் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார், அதோடு 'அப் பாஸ்வேர்ட்' உம் செத்துவிட்டது. "தம்பி, நான் ஒண்ணுமே செய்யல்ல" என்றுதான் போனில் தொடங்கினார். பஸ் ஏறிப் போய் புதிதாக ஒன்று எடுத்துப் போட்டேன், ஐந்து நிமிட வேலை. டயரியில் எழுதித் தரச்சொன்னார், எழுதவில்லை. இன்னொரு தடவை செத்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.