பிரிட்டனா, பிரான்ஸா? 1793-இல் அமெரிக்காவின் முன் இருந்த இரு வழிகள்

1793-இல் பிரிட்டனும் பிரான்ஸும் போரில் இறங்கியதும் அமெரிக்க அதிபர் வாஷிங்டனின் அமைச்சரவை இரண்டுபட்டது. வெளியுறவுச் செயலர் ஜெபர்சன் பிரான்ஸ் பக்கம் சாய்ந்தார். பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போரில் படையும் பணமும் தந்த நாடு அது. அந்நாட்டோடு செய்த 1778 கூட்டணி உடன்படிக்கை இன்னும் செல்லும் என்றார்.

நிதிச் செயலர் ஹாமில்டனின் கணக்கு வேறு. அரசு வருமானத்தில் பெரும்பகுதி சுங்கவரி. அந்த இறக்குமதியில் பெரும்பங்கு பிரிட்டன் சரக்கு. பகைத்துக்கொண்டால் கஜானா காலி. கடனில் தத்தளித்த புது நாட்டுக்கு இந்த வழிதான் சரி என்பேன். நன்றியை நான் சிறிதாக எண்ணவில்லை; ஆனால் அன்று அமெரிக்காவிடம் சொல்லிக்கொள்ளும்படி கடற்படையே இல்லை.

போரில் குதிக்க இருவருமே விரும்பவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாஷிங்டன் நடுநிலை அறிவித்தார். 1794-இன் ஜே உடன்படிக்கை பிரிட்டனோடு உறவைச் சீராக்கியது. கொதித்த பிரான்ஸ் அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தது. 1798-இல் பழைய நண்பர்கள் கடலில் மோதினர்.