கணித்த வரிசையும் களமிறங்கிய வரிசையும்: ஒரு பேஸ்பால் சந்தாவின் கணக்கு

அமெரிக்கா, கனடா அணிகள் ஆடும் மேஜர் லீக் பேஸ்பாலின் முப்பது அணிகளுக்கும் சீசன் தொடங்கும் முன்பே பேட்டிங் வரிசையைக் கணித்துத் தரும் கட்டணச் செயலி ஒன்றுக்கு 2025 ஜனவரியில் சந்தா கட்டினேன். நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆடுவதைப் பொறுத்துப் புள்ளி சேர்க்கும் ஃபேண்டசி லீக்கில் வீரர்களை எடுப்பதற்கு உதவும் என்பதே காரணம். வரிசையில் ஓரிடம் கீழே இறங்கினால் 162 ஆட்டங்களில் ஏறத்தாழ 18 பேட்டிங் வாய்ப்புகள் குறைந்துவிடும் என்பதால், ஒருவர் முதலாவதாக ஆடுகிறாரா ஐந்தாவதாக ஆடுகிறாரா என்பதற்குப் பணம் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. மார்ச் மாத இறுதியில் செயலி சொன்னதையும் அணிகள் உண்மையில் இறக்கிய வரிசையையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, யார் ஆடுவார் என்பதில் செயலி கெட்டி என்பதும், எந்த இடத்தில் ஆடுவார் என்பதில் மிகவும் சுமார் என்பதும் தெரிந்தது.

எளிய இடங்களில் அது தவறவில்லை. மெட்ஸ் அணியில் லிண்டோர், சோட்டோ, அலோன்சோ என்ற முதல் மூவரை அது அப்படியே சொன்னது. ஆனால் அதை யாரும் சொல்லியிருப்பார்கள். பாஸ்டன் அணியில் அதன் உழைப்பு தெரிந்தது. பிப்ரவரியில் பிரெக்மன் ஒப்பந்தமானதும் மூன்றாம் பேஸ் என்ற ஃபீல்டிங் இடத்தில் அவரைப் போட்டு, அங்கே ஆடிவந்த டெவர்ஸை டெசிக்னேட்டட் ஹிட்டராக (ஃபீல்டிங் செய்யாமல் பேட்டிங் மட்டும் செய்பவர்) மாற்றிக் காட்டியது. அப்போது டெவர்ஸ் தன் இடத்தை விட்டுத்தர மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்; சீசனின் முதல் ஆட்டத்தில், மார்ச் 27 அன்று, செயலி சொன்னதே நடந்தது.

சறுக்கியது யாங்கீஸ் அணியில்தான். ஜனவரிப் பதிப்பில் சிஷோம் முதலிடத்திலும், ஜட்ஜ் மூன்றாமிடத்திலும், கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) ஆஸ்டின் வெல்ஸ் கீழே ஆறாமிடத்திலும் இருந்தார்கள். இரு முழங்கைகளிலும் வலியால் அவதிப்பட்ட ஸ்டான்டனை மார்ச்சில் செயலிக்காரர்கள் நீக்கினார்கள், அது சரி. ஆனால் வெல்ஸை ஆறாமிடத்திலிருந்து அசைக்கவே இல்லை. முதல் ஆட்டத்தில் மில்வாக்கியின் வலக்கை பிட்சர் (பந்து வீசுபவர்) ஃபிரெடி பெரால்டாவுக்கு எதிராக, இடக்கை பேட்டரான அதே வெல்ஸ் முதல் ஆளாக வந்து, பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடித்தார். தன் அணியின் சீசன் தொடக்க ஆட்டத்தில் இப்படி முதல் ஆளாக வந்து ஹோம் ரன் அடித்த கேட்சர் அதற்கு முன் யாருமில்லை. ஜட்ஜ் இரண்டாவதாக ஆடினார்.

சரி, கணிப்பு பொய்த்தது என்று செயலியைத் திருத்தினார்கள். வெல்ஸ் முதலிடத்துக்கு ஏறினார். அடுத்த ஆட்டம் மார்ச் 29. இம்முறை எதிரே இடக்கை பிட்சர் நெஸ்டர் கோர்ட்டெஸ். வலக்கை பேட்டரான கோல்ட்ஷ்மிட் முதலாவதாக இறங்கினார்; அவரும், பின்னால் வந்த பெலிஞ்சரும் ஜட்ஜும் கோர்ட்டெஸ் வீசிய முதல் மூன்று பந்துகளையும் ஹோம் ரன்னாக்கினார்கள். திருத்திய வரிசையும் இரண்டே நாளில் பழசாகிவிட்டது. ஓர் அணிக்கு ஒரே ஒரு வரிசை என்று அச்சிடுவதுதான் இந்தச் சேவையின் அடிப்படைக் கோளாறு என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. எதிர்க் கை பிட்சரைச் சந்திப்பது பேட்டருக்குப் பொதுவாக எளிது என்பதால், எதிரே வலக்கை பிட்சரா இடக்கை பிட்சரா என்று பார்த்தே பல மேலாளர்கள் வரிசை எழுதுகிறார்கள். செயலியோ இரண்டையும் கலந்து சராசரி போட்டு, எந்த நாளிலும் களமிறங்காத ஒரு வரிசையை நமக்குத் தருகிறது.

டோக்கியோவில் நடந்தது வேறு ரகம். மற்ற அணிகளுக்கு முன்பே, மார்ச் 18 அன்று டோக்கியோ டோமில் கப்ஸ் அணியுடன் டாட்ஜர்ஸ் ஆடிய ஆட்டத்துக்கு ஓஹ்தானி, பெட்ஸ், ஃபிரீமன் என்பதுதான் எல்லோரும் எதிர்பார்த்த தொடக்கம். முந்தைய ஆண்டு சியோலில் பெட்ஸ், ஓஹ்தானி, ஃபிரீமன் என்று இறங்கிய அதே மூவர்தான், முதல் இரண்டு இடங்கள் மட்டும் மாறியிருந்தன. பெட்ஸ் உடல்நலமின்றி ஊர் திரும்பினார். விலா வலியால் ஃபிரீமன் ஆட்டத்துக்குச் சற்று முன்பு விலக, முதல் பேஸுக்கு கிகே ஹெர்னாண்டஸ் போனார். இதை முன்கூட்டிக் கணிக்கச் சொல்லி யாரையும் குறை கூற முடியாது. ஆனால் முதல் பந்து வீசப்பட்ட பிறகும் என் திரையில் ஃபிரீமனின் பெயருக்குப் பக்கத்தில் "உறுதி" என்ற பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்ததைக் குறை கூறலாம். அன்று அவரை என் அணியில் வைத்திருந்த எனக்குக் கிடைத்தது பூஜ்யம்.

எந்தப் பக்கத்திலும் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்ற தேதி இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிப்ரவரி தொடக்கத்தில் எழுதிய கணிப்பும் நேற்று எழுதிய கணிப்பும் ஒரே முகத்தோடு நிற்கின்றன.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். அந்த மூன்றும், அணியில் யாருக்கு இடம் உண்டு என்பதை அது சரியாகச் சொல்வதற்காக மட்டும். வலக்கை, இடக்கை பிட்சர்களுக்கு எதிரான வரிசைகளைத் தனித்தனியே கொடுத்து, மேலே தேதியையும் போட்டால் அடுத்த ஜனவரியிலும் சந்தா கட்டுவேன். அதுவரை ஒவ்வோர் அணியும் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு தானே வெளியிடும் வரிசையை இலவசமாகப் பார்த்துக்கொள்கிறேன்.