மேன்ஹன்ட்: நிழலில் நிற்கும் அந்த நேரத்துக்காக

என் பிளேஸ்டேஷன் 2-இன் லென்ஸ் பழுதாகி வெகுநாள் மூலையில் கிடந்தது. போன மாதம்தான் சரியாகி வந்தது. டிஸ்க் சுற்றுகிறதா என்று பார்க்க முதலில் கையில் எடுத்தது மேன்ஹன்ட். பக்கத்தில் இருந்த நண்பன் அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டான், "அண்ணே, பின்னாடி இருந்து பிளாஸ்டிக் பையைப் போட்டு மூச்சடைச்சுக் கொல்ற கேம்தானே இது? இதுல அப்படி என்ன இருக்குன்னு இத்தனை வருஷமா வெச்சிருக்கீங்க?" அன்றைக்கு எனக்கு ஒழுங்காகப் பதில் வரவில்லை. அப்புறம் மூன்று வாரம், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து, இருபது காட்சிகளையும் (இந்த கேமில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் காட்சி) மறுபடி முடித்தேன். இது அவனுக்கான பதில்.

கதை தெரிந்ததுதான். 2003 நவம்பரில் ராக்ஸ்டார் நார்த் நிறுவனம் செய்து வெளிவந்தது. செத்துவிட்டான் என்று உலகம் நம்பும் மரண தண்டனைக் கைதி ஜேம்ஸ் ஏர்ல் கேஷ், கார்சர் சிட்டி என்ற பாழடைந்த நகரம், அவனைக் கொல்லத் திரியும் வேட்டைக்காரக் கும்பல்கள், எல்லாவற்றையும் கேமராவில் பிடித்தபடி அவன் காதுக்குள் உத்தரவு போடும் இயக்குநர் ஸ்டார்க்வெதர். நியூசிலாந்து அதே ஆண்டு தடை செய்தது, ஜெர்மனியில் 2004-இல் பறிமுதல் உத்தரவே வந்தது. இந்தத் தடைப் பேச்சால் ஒரு கெடுதல் நடந்துவிட்டது. கேமைத் தொட்டே பார்க்காதவர்களும் ரத்தத்தைப் பற்றியே பேசுகிறார்கள், விளையாடியவர்களும் கேட்கிறவருக்குச் சுவாரசியமாக இருக்கட்டுமென்று அதையேதான் சொல்கிறார்கள்.

ஒரு காட்சியை முடிக்க அரை மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள், அதில் கொலை நடப்பது எல்லாம் சேர்த்து ஓரிரு நிமிடம் இருக்கும். மீதி நேரம் முழுக்க நீங்கள் நிற்கிறீர்கள். சுவரோடு ஒட்டி, இருட்டுக்குள், அசையாமல். என்னை இத்தனை வருடம் பிடித்து வைத்திருப்பது அந்த நிற்றல்தான்.

நிழலுக்குள் போனதும் திரையின் ஓரத்தில் இருக்கும் ஆள் உருவம் நீலமாக மாறும். அது மாறிவிட்டால் வேட்டைக்காரன் முகத்துக்கு நேரே வந்து நின்றாலும் நீங்கள் அவன் கண்ணில் பட மாட்டீர்கள். ஆனால் நீங்கள் உள்ளே நுழைவதை அவன் பார்த்திருந்தால் நிழல் காப்பாற்றாது, நேராக வந்து அடிப்பான். விதி இவ்வளவுதான். இந்தச் சின்ன விதியை வைத்துக்கொண்டு அவர்கள் செய்திருக்கும் வேலையைப் பாருங்கள். நீங்களே சுவரைத் தட்டிச் சத்தம் செய்து அவனை வரவழைக்கிறீர்கள். அவன் முணுமுணுத்துக்கொண்டே வருகிறான், திட்டுகிறான், உங்களுக்கு ஒரு கை தூரத்தில் நின்று இருட்டையே உற்றுப் பார்க்கிறான். அவனுக்குத் தெரியாது என்று உங்களுக்குத் தெரியும், விதி அப்படித்தான் என்று நூறு முறை பார்த்தாயிற்று, இருந்தாலும் அவன் திரும்பி நடக்கும் வரை மூச்சு வெளியே வராது. முதல் தடவை விளையாடியபோது எனக்கு அப்படித்தான் இருந்தது, போன வாரமும் அப்படியேதான் இருந்தது. வேறு எந்தத் திகில் கேமும் என்னிடம் இத்தனை நாள் தாக்குப்பிடிக்கவில்லை. திடீரென்று கத்திக்கொண்டு எதிரே பாயும் பேய்க்கு இரண்டாவது தடவையே பழகிவிடுகிறோம். இது பழகவே மாட்டேன் என்கிறது, ஏனென்றால் அவனைக் கூப்பிட்டதே நான்தான்.

அப்புறம் அந்தப் பட்டன். அவன் திரும்பி நடக்கிறான், நீங்கள் பின்னாலேயே போகிறீர்கள், கொல்லும் பட்டனை அழுத்திப் பிடிக்கிறீர்கள். அவன் மேல் விழும் குறியின் நிறம் நேரத்தோடு மாறும். உடனே விட்டால் வெள்ளை, சட்டென்று முடியும் கொலை. கொஞ்சம் பிடித்திருந்தால் மஞ்சள். இன்னும் பிடித்திருந்தால் சிவப்பு, அதுதான் மூன்றிலும் கொடூரமானது. வெள்ளையிலேயே விட்டாலும் அவன் சாவான், காட்சியும் முடியும். சிவப்புக்காகக் காத்திருக்கும்போது அவன் எந்த நொடியிலும் திரும்பலாம், காலடியில் சரளைக்கல் இருந்தால் சத்தம் கேட்டுவிடும். ஆபத்து முழுக்க உங்களுக்கு, தேவை எதுவும் இல்லை, இருந்தும் விரல் பட்டனை விட மறுக்கிறது. விட்டதும் படம் பழைய வீடியோ கேசட் மாதிரி புள்ளி புள்ளியாக மாறி, எங்கோ மூலையில் இருக்கும் கேமராவின் கோணத்தில் அந்தக் கொலை ஓடுகிறது. யாருக்காகப் படம் எடுக்கப்படுகிறது என்பது அப்போது உறைக்கும்.

எனக்கு எதிர்பாராமல் கிடைத்த பெரிய சந்தோஷம் ஹெட்செட். பிளேஸ்டேஷன் 2-இல் யூஎஸ்பி ஹெட்செட்டைச் செருகினால் ஸ்டார்க்வெதரின் குரல் டிவியை விட்டுவிட்டு உங்கள் காதுக்கு வந்துவிடும். கேஷுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படியே. நடிகர் பிரையன் காக்ஸ் கொடுத்த குரல் அது. வேட்டைக்காரர்களின் காலடியும் பேச்சும் எதிரே டிவியில், அந்த ஆளின் மூச்சும் சிரிப்பும் கொஞ்சலும் காதுக்குள்ளே. வாங்கி வெகுநாள் நான் ஹெட்செட் இல்லாமல்தான் விளையாடிக்கொண்டிருந்தேன், ஒருநாள் வேறு கேமுக்காக வாங்கியதைச் செருகிப் பார்த்தபோது இது வேறு கேம் என்றே தோன்றியது. சிவப்பில் ஒரு கொலை முடிந்ததும் அவன் காதோரம் குழைகிறான் பாருங்கள், உடம்பு கூசும். கூசிக்கொண்டே அடுத்த ஆளைத் தேடிப் போவோம்.

அந்த ஹெட்செட்டின் மைக்கும் வேலை செய்யும். நீங்கள் நிஜத்தில் சத்தம் போட்டால் கேமுக்குள் வேட்டைக்காரர்களுக்குக் கேட்கும். போன வாரம் எனக்கு நல்ல இருமல். ஒயிட் டிராஷ் காட்சி, ஸ்கின்ஸ் கும்பலில் இரண்டு பேர் அருகருகே, நான் ஒரு சந்தின் நிழலில். தொண்டையில் அரிப்பு ஏறுகிறது. கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன், கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, கடைசியில் அடக்க முடியாமல் ஒரே ஒரு இருமல். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்று என் பக்கம் திரும்பினார்கள். மைக்கைக் கழற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த நேரத்தில் அது தோன்றவே இல்லை. கேஷ் எப்படி இருமலை அடக்குவானோ அப்படி அடக்கிக்கொண்டிருந்தேன்.

சங்கடமான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். காட்சி முடிந்ததும் இந்த கேம் நட்சத்திரம் கொடுக்கிறது, ஹார்ட்கோர் என்ற கடினமான முறையில் அதிகபட்சம் ஐந்து. வேகத்துக்கு ஒன்று, காட்சியை முடித்ததற்கு ஒன்று, மீதி மூன்று கொடூரத்துக்கு. ஐந்து வேண்டுமென்றால் வெள்ளையில் விட்டுப் பிழைக்க முடியாது. ஸ்டார்க்வெதர் கேஷிடம் கேட்பதைத்தான் கேம் உங்களிடம் கேட்கிறது, நீங்களும் கொடுக்கிறீர்கள். ராக்ஸ்டாரில் வேலை பார்த்தவர்களுக்கே இந்த கேம் ஒட்டவில்லை என்று அங்கே பணிபுரிந்த ஒருவர் பிற்பாடு எழுதியிருந்தார். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. இதைக் கடுமையான கேம் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதும் இல்லை. ஆனால் கொடூரத்தை வெறும் அலங்காரமாகத் தூவியிருக்கும் எத்தனையோ கேம்களில் ஆயிரம் பேரைச் சுட்டுத் தள்ளியும் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இங்கே ஒவ்வொரு ஆளும் கணக்கில் இருக்கிறான். 2007-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கொலைக்காட்சிகளைக் கலங்கலாக்கி மறைத்தார்கள். எல்லோரும் அதைத்தான் குறை சொன்னார்கள். என் கண்ணுக்கு அதன் குறை வேறு, அதில் காதுக்குள் ஸ்டார்க்வெதர் இல்லை.

சரி, இப்போது எனக்குக் கோபம் வரும் இடம்.

துப்பாக்கி. ஏன் கொடுத்தீர்கள்? பாதியைத் தாண்டியதும் இந்த கேம் தன் உயிரைத் தானே எடுத்துக்கொள்கிறது. வேட்டைக்காரர்கள் கையிலும் துப்பாக்கி, என் கையிலும் துப்பாக்கி. சுவரோரம் ஒளிந்து எட்டிப் பார்த்துச் சுட வேண்டும், மறுபடி ஒளிய வேண்டும், மறுபடி எட்டிப் பார்க்க வேண்டும். குறி ஒட்டினால் ஒட்டும், இல்லாவிட்டால் நான் செத்துப் பழைய இடத்திலிருந்து மறுபடி. போலீஸ், அதற்குப் பின் செர்பரஸ் கூலிப்படை என்று கடைசிக் காட்சிகள் இப்படியே போகின்றன. ட்ரெயின்ட் டு கில் காட்சியை மட்டும் இந்தத் தடவை பதினொரு முறை ஆடினேன், அதில் ஒரு தடவைகூட எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. தூரத்திலிருந்து ஒருவனைச் சுட்டு விழுத்த முடியுமென்றால் நான் ஏன் நிழலில் நிற்க வேண்டும்? சுவரைத் தட்ட வேண்டாம், பின்னால் நடக்க வேண்டாம், பட்டனைப் பிடித்தபடி வெள்ளையா சிவப்பா என்று மனசோடு போராட வேண்டாம். ஆறேழு மணி நேரம் செலவழித்து எனக்குப் பொறுமை சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்தப் பொறுமையே தேவையில்லாத இடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். குடிகாரன் ஒருவனைப் பத்திரமாக அழைத்துப்போகும் காட்சியைப் பலரும் திட்டுவார்கள். எனக்கு அது பரவாயில்லை, அதிலாவது இருட்டுக்கு வேலை இருக்கிறது.

கேமைச் செய்தவர்களுக்குத் தெரியாமல் நடந்த தவறும் இல்லை இது. கடைசிக் காட்சியில் பிக்ஸி வருகிறான், பன்றித் தலையை மாட்டிக்கொண்டு கையில் செயின்சாவோடு. அவனிடம் நேருக்கு நேர் போனால் ஒரே வீச்சு, முடிந்தது. மறுபடி நிழல், மறுபடி காத்திருப்பு, பின்னால் போய் ஒரு குத்து, ஓடி ஒளிதல், செயின்சாவின் உறுமல் கிட்டே வருகிறதா தூரமாகப் போகிறதா என்று காதைக் கொடுத்து நிற்றல். முழு கேமிலும் சிறந்த பத்து நிமிடம் அது. அப்படியென்றால் தங்கள் பலம் எது என்று அவர்களுக்குக் கடைசி வரை நன்றாகவே தெரிந்திருக்கிறது! தெரிந்தும் நடுவில் அத்தனை தோட்டாக்களைக் கொட்டியிருக்கிறார்கள் என்பதுதான் இத்தனை வருடமாக எனக்கு ஆறவில்லை. பிக்ஸியை முடித்துவிட்டுச் சந்தோஷமாகத் தூங்கப் போக வேண்டிய ராத்திரியில், வீணாய்ப் போன அந்தக் காட்சிகளை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நண்பனுக்கு நேற்று பதில் சொன்னேன். வாங்காதே. பத்துக்கு ஐந்து. போன வாரம் ஒயிட் டிராஷ் முடித்த ராத்திரி கேட்டிருந்தால் ஒன்பது சொல்லியிருப்பேன், நேற்று கேட்டதால் ஐந்து. அவன் விடவில்லை, "அப்ப டிஸ்க்கையாவது கொடுங்க" என்றான். அதையும் கொடுக்கவில்லை. ஒரு ராத்திரி வீட்டுக்கு வா, ஹெட்செட்டை மாட்டி முதல் நான்கு காட்சியை ஹார்ட்கோரில் ஆடு, வேட்டைக்காரர்கள் எங்கே என்று காட்டும் ரேடார் இருக்காது, காதை நம்பித்தான் நடக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். துப்பாக்கி வரும் இடத்துக்கு முன்னால் நானே நிறுத்திவிடுவேன்.